உள்ளே வந்தது மட்டும்தான்

“நீதானே கூப்பிட்ட, குமுதா? ஃபோன் போட்டு, ‘வாங்க’ன்னு உன் வாயால நீதானே கூப்பிட்ட? கூப்பிட்டு, வேட்டி சட்டை எடுத்துக் குடுத்து, பக்கத்துல நின்னு போட்டோவும் எடுத்துக்கிட்டு, இப்ப ஜெயிலுக்கு அனுப்பறேங்கறியே, உனக்கே இது அடுக்குமா?” என்றாள் தனபாக்கியம் அண்ணி, மூன்றாவது தடவையாக, ஒரு சொல் பிசகாமல், அந்த ‘அடுக்குமா’வில் குரலை மேலே கொண்டுபோய் அங்கேயே தொங்கவிடுவது உட்பட. குமுதவல்லி மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தாள். ஊறப்போட்ட பச்சை மொச்சை எவர்சில்வர் பேசின் நிறைய இருந்தது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் தோல் கையிலும் பருப்பு கிண்ணத்திலும். அடுத்தது. அதற்கு அடுத்தது. வேட்டி சட்டையை யார் எடுத்துக் கொடுத்தது, அது மாப்பிள்ளை வீட்டார் சம்பந்திக்கு வைத்துக் கொடுத்தது, கரையைப் பார்த்தாலே அவர்கள் ஊர், கரூர், என்று தெரியும், புகார் சொல்ல வந்தவர்கள் முதலில் புகாரை ஒழுங்காகச் சொல்லட்டும். ஆனால் மற்றதெல்லாம் சரிதான். ஃபோன் போட்டது அவள்தான். ‘வாங்க’ என்றதும் அவள்தான். போட்டோவில் நிற்பதும் அவள்தான், பட்டுப்புடவையில், இரண்டு வருஷமாகக் கோர்ட் உத்தரவு வாங்கி வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த புருஷனுக்குப் பக்கத்தில், பல் தெரிய. அண்ணி, அவருடைய கூடப்பிறந்த அக்கா, ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டு மாடியில் தம்பிக்கு இடம் கொடுத்து மூன்று வேளையும் சோறு போடுகிறவள், சாப்பாட்டு மேஜையில் கைப்பையை வைத்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடப் போவதுபோல. “அண்ணி, அந்த உத்தரவுல ஆள் விட்டும் பேசக் கூடாதுன்னு இருக்கு. நீங்க இங்க வந்து உக்காந்திருக்கறதே தப்புதான், தெரியுமா?” “ஆமா, நான் தீவிரவாதி. பிடிச்சுக் குடு.” “அவர் எங்க?” “தெருவுக்குள்ள வரலை. முனையில கார்லதான் இருக்கான். சட்டப்படிதான் நிக்கறான்.” சட்டப்படி. முனையில் அந்தப் பூவரச மரத்தடியில், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு. எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தாளம் இங்கே அடுப்படி வரைக்கும் கேட்கிறது, கேட்கவில்லை, ஆனால் கேட்கிறது.

எதற்குக் கூப்பிட்டாள் என்று அண்ணி ஒரு தடவையாவது கேட்டாளா? கேட்க மாட்டாள், ஏனென்றால் அண்ணிக்குத் தெரியும், அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மகள் நிருவின் நிச்சயதாம்பூலம், பெண்ணைப் பெற்றவர்கள் ஜோடியாக நின்று தட்டு மாற்ற வேண்டும். ஜோடி இல்லாதவள் ஓரமாக நிற்க வேண்டும். ஓரமாக என்றால் விதவை மாதிரி ஒரேயடியாக இல்லை, தூணுக்குப் பக்கத்தில், வந்தவர்களுக்குக் காபி போயிற்றா என்று பார்க்கிற தூரத்தில். தட்டை அவளுடைய தம்பியும் தம்பி பெண்டாட்டி சுலோசனாவும் மாற்றுவார்கள் என்று அவளைக் கேட்காமலேயே முடிவாகியிருந்தது. “உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம், நாங்க பாத்துக்கறோம்” என்றாள் சுலோசனா குமுதவல்லியிடம், அதற்குள் வைர மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு, அதற்குள்! நிருவுக்கு டைபாய்டு வந்த மாதம் எட்டிப் பார்க்காதவள். நிருவுடைய கணக்கு டியூஷனுக்கு மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது யார், அந்தத் தட்டில் சுலோசனாவுடைய கை படுமா, என்று ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டுக் காலையில் அவருக்கு ஃபோன் போட்டாள். ‘ஒரு மணி நேரம். தட்டு மாத்தணும். வந்துட்டுப் போயிடுங்க.’ அவள் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில் அம்மா அப்பாவைப் பார்க்க ஒரு சாயந்திரம் சீட்டுக் கொடுத்து அனுப்புவார்களே, சிஸ்டர் பெர்னதெத் கையெழுத்துப் போட்டு, அதுபோல ஒரு சாயந்திர அனுமதி என்றுதான் நினைத்தாள். உத்தரவு வாங்கியது நான், எனக்காக வாங்கியது, நான் ஒரு நாள் தளர்த்திக்கொள்ளக் கூடாதா? கூடாதாம். இன்று காலையில் குடும்ப வன்முறைச் சட்டப் பாதுகாப்பு அலுவலர் ஜெசிந்தா மேடம் ஃபோனில் சொன்னாள். ‘கூப்பிட்டதால அந்த உத்தரவு போயிடாதும்மா. அதை மாத்தணும்னா மாஜிஸ்திரேட்தான் மாத்தணும். நீங்களும் மாத்த முடியாது, அவரும் மாத்த முடியாது.’ அது தெரியாமல் போயிற்று. தட்டு மட்டும் நன்றாக மாறிற்று. அவர் அழக்கூடச் செய்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியிடம், “ஒரே பொண்ணு” என்றார், கூடமே உருகிப் போயிற்று, சுலோசனா கூட உருகினாள், குமுதவல்லிக்கே ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், தேங்காயும் பழமும் கனத்த அந்தத் தட்டின் மறுபக்கத்தை அவர் தாங்கிக்கொண்டிருந்தபோது, அது லேசாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது.

“நேத்திக்கு வந்தான். சரி. வந்தது தப்பு. அடிச்சானா? ஒரு அடி? கை வச்சானா?” ஒரு மொச்சை வழுக்கித் தெறித்து அண்ணியின் மடியில் விழுந்தது. அண்ணி அதை எடுத்து, பழக்கத்தில், பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். கைவைக்கவில்லை. அதுதான் வம்பே. விளக்கு வைக்கிற நேரம், பூக்காரிக்குத் திறந்த கிரில் கேட்டை மூடாமல் வந்துவிட்டாள், ஏன் மூடவில்லை, பத்து நாளாக அவர் தினம் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்து போகிறார், சத்திரத்துக்காரன் இப்படிச் சொன்னான், சமையல்காரன் அப்படிச் சொன்னான், ‘நீதானே கூப்பிட்ட, இப்ப என்ன புதுசா?’ என்று சிரிக்கிறார், தெரிந்தும் ஏன் மூடவில்லை. அடுப்பில் பால் இருந்தது. திரும்பினால் நிற்கிறார். கையில் ஸ்வீட் பெட்டி. பெட்டியை மேடைமேல் வைத்துவிட்டு, அடுப்படிக் கதவைப் பின்னால் கையால் தள்ளிச் சாத்தினார், மெதுவாக, உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடியே நின்றார். சத்தம் போடவில்லை. “மாசியில கல்யாணம். அப்புறம் நிரு கரூர் போயிடும். அப்புறம் நீ தனியாத்தானே இருப்பே, குமுதா? இவ்வளவு பெரிய வீட்டுல.” அவ்வளவுதான். அக்கறையாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். யாராவது கேட்டால் அக்கறை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவளுடைய கை, அவளைக் கேட்காமல், யாரையுமே கேட்காமல், மேலே போய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தது. பத்திரமாக, இரண்டு காதையும் மடித்து வைத்தது. இரண்டு வருஷத்தில் மறந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தாள், கை எதையும் மறக்கவில்லை. முன்பெல்லாம் அப்படித்தான், முதல் தடவை கண்ணாடி உடைந்து புருவத்தில் தையல் போட்ட பிறகு கற்றுக்கொண்டது, குரல் தாழ்ந்தால் கழற்று, கதவு சாத்தினால் கழற்று, இல்லாவிட்டால் பெரிய கடை வீதியில் கண்ணாடிக் கடைக்காரர் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘மறுபடி கீழ விழுந்துடுச்சாம்மா?’ என்று கேட்பார், மிக மரியாதையாக, மேலே ஒன்றும் கேட்காமல். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அவர் வெறும் வெள்ளைச் சட்டை. அந்த வெள்ளைச் சட்டை சிரித்தது. அப்போதுதான் கதவை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டு, “அம்மா?” என்று நிரு வந்தாள். “பாத்துக்க கண்ணு. உங்கப்பா ஒண்ணுமே பண்ணல. உங்கம்மாவேதான் கழட்டி வைக்கறா” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, கேட்டை, ஆமாம், கேட்டை ஒழுங்காகச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டுத்தான் போனார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. நிரு துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்துவிட்டு அறைக்குள் போனவள்தான், இன்றைக்கு வேலைக்கும் போகவில்லை, கதவையும் திறக்கவில்லை, காபி வெளியே ஆறிப் போய் ஏடு கட்டிக் கிடக்கிறது.

“ஒரு வருஷம் ஜெயிலாமே?” என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும்போல. “ஒரு வருஷம் வரைக்கும். இல்லேன்னா இருபதாயிரம் அபராதம். ரெண்டும்கூடப் போடலாமாம்.” “ஸ்டேஷன்லயே ஜாமீன் குடுத்துடுவாங்களாமே?” “மாட்டாங்க. கோர்ட்டுலதான் கேக்கணும்.” “அடிக்காமலேயா?” “உள்ள வந்ததுக்கே.” அண்ணியின் கையிலிருந்த மொச்சை தோலோடு கிண்ணத்தில் விழுந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது, குமுதவல்லிக்கே காலையில் அப்படித்தான் இருந்தது, உள்ளே வந்ததற்கேவா? உள்ளே வருவது என்ன பெரிய காரியம், மனுஷர் தன் வீட்டுக்குள், இல்லை, அவர் வீடு இல்லை, இது அப்பா அவளுக்கு எழுதிவைத்த வீடு, ஆனாலும் இருபத்தைந்து வருஷம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த இடம். ஜெசிந்தா மேடம் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, ‘மத்தியானம் வரைக்கும் மகளிர் ஸ்டேஷன்லதான் இருப்பேன், வாங்க. நீங்க கூப்பிட்டதையும் சொல்லுங்க, மறைக்காதீங்க, அந்தப் பக்கத்து வக்கீல் எப்படியும் கேப்பாரு. சாட்சி யாரும் இல்லையேன்னு பயப்படாதீங்கம்மா. இந்தச் சட்டத்துல உங்க வார்த்தை ஒண்ணே போதும்னு கோர்ட்டு எடுத்துக்கலாம்’ என்றாள். என் வார்த்தையா? அதைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. ஐம்பது வயசில் இப்போதுதான் முதன்முதலாக ஒருத்தி, உன் வார்த்தை போதும் என்கிறாள். இந்த வாயைப் பற்றித்தானே எல்லாருக்கும் புகார். கான்வென்ட்டில், ‘கேர்ல், யுவர் டங்!’ என்று நாக்கை அடக்கச் சொல்லி, சிஸ்டர் பெர்னதெத் கையிலிருந்த ஸ்கேலைக் காற்றில் வீசுவாள். கல்யாணமாகி வந்த மறு மாசமே மாமியார், ‘பேச்சு இருக்கே, அரிவாள்மணை’ என்றாள். புருவத்தில் தையல் போட்ட அன்று அம்மாவே ஆஸ்பத்திரி வராந்தாவில், ‘நீ கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கிட்டா என்ன?’ என்றாள். நிரு கூட ஒரு தடவை, ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோது, ‘அப்பாவுக்குக் கோபம் வர்ற மாதிரியே பேசறேம்மா நீ’ என்றாள், பாவம், குழந்தை, அவள் கண்ணால் ஒன்றும் பார்த்ததில்லை, அவளுக்கு எல்லாமே அடுத்த அறைச் சத்தம்தான். அப்பேர்ப்பட்ட வாயிலிருந்து வருகிற வார்த்தை போதுமாம். போதும் என்றால் எல்லாமே என் தலையில்தான். நான் சொன்னால் அவர் உள்ளே, சொல்லாவிட்டால் வெளியே. பெண்ணின் அப்பா ஜெயிலில் இருக்க, மாசியில் கல்யாணமா? கரூரில் என்ன சொல்வார்கள்? அந்தச் சம்பந்தி அம்மாள் நல்ல மாதிரிதான், ஆனால் நல்ல மாதிரி எத்தனை நாள். நிச்சயம் முறிந்தால் நிரு என்னை மன்னிப்பாளா? ஸ்கூல் பிரார்த்தனையில் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு சேர்ந்து மார்பில் மூன்று தடவை தட்டிக்கொண்டு என் பாவமே என் பாவமே என்று சொல்வது சின்ன வயசில் குமுதவல்லிக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தத் தாளத்துக்காக. தட்டித் தட்டி அதே பழகிவிட்டதோ என்னவோ, எது நடந்தாலும் கை முதலில் இங்கேதான் வருகிறது. சரி, சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மாசி முடியும். பந்தல் பிரிப்பார்கள். நிரு போவாள். பங்குனியில் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கேட் கிறீச்சிடும். அவருக்கு ஒன்றும் அவசரம் இல்லை. அவர் நேற்று வந்தது அதற்குத்தான், கதவு திறக்கிறதா என்று பார்க்க.

“என்னைய எங்க வீட்டுக்காரர் அடிக்காத நாள் உண்டா? உனக்குத் தெரியாதா? நான் எந்தக் கோர்ட்டுக்குப் போனேன்?” என்றாள் அண்ணி. அவளுடைய கைகள் குமுதவல்லியின் கைகளைவிட வேகமாகப் பிதுக்கின. இருவருக்கும் நடுவில் தோல் குவிந்துகொண்டே போயிற்று. “போயிருக்கலாம் அண்ணி.” “போயி? யாரு சோறு போடறது? நீ போடுவியா?” போட்டிருப்பேன், என்று சொல்ல வாய் வந்து நின்றுவிட்டது, போட்டிருப்போமா என்ன. அண்ணி கெட்டவள் இல்லை. நிரு பிறந்தபோது பத்தியச் சமையல் இவள்தான் செய்து தூக்கில் கொண்டுவந்தாள். அவரும் எல்லா நாளும் கெட்டவர் இல்லை, அதுதானே குழப்பமே, எல்லா நாளும் கெட்டவராக இருந்திருந்தால் அப்போதே முடிந்திருக்குமே. குமுதவல்லிக்குச் சிக்கன்குனியா வந்து விரல் மடக்க முடியாமல் கிடந்த மாசத்தில் நிருவுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டு, வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, ‘ஆடாதே கண்ணு, வகிடு கோணிப் போகும்’ என்று, அந்த வகிடு எவ்வளவு நேராக இருந்தது. அதே கைதான். அந்தக் கையைத்தான் நேற்று கதவின்மேல் பார்த்தாள். மோதிரம் கூட அதேதான். ஒரு மனுஷனை இரண்டாகப் பிரித்து ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று போலீஸ்காரர்களிடம் சொல்ல முடியுமா? அண்ணியின் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. அண்ணி அவசர அவசரமாக எடுத்தாள், கை ஈரத்தில் வழுக்கிற்று, எதையோ தட்டினாள், குரல் அடுப்படி முழுக்கப் பரவியது. “என்னக்கா, வழிக்கு வந்தாளா?” “பேசிக்கிட்டுதான் இருக்கேன், நீ வை.” “என்ன பண்றா?” “மொச்சை பிதுக்கறா. வைடா.” “மொச்சையா?” சிரிப்பு. பிறகு குரல் தாழ்ந்தது, அந்தத் தாழ்வு, பட்டுத் துணியை மடிப்பது போல. “அப்ப எனக்கும் சேத்துப் பண்ணச் சொல்லு. ராத்திரிக்கு வர்றேன்னு சொல்லு.” அதற்குமேல் அண்ணி என்ன சொன்னாள் என்று குமுதவல்லி கேட்கவில்லை. கிண்ணம் நகர்ந்தது தெரிந்தது. கண்ணெதிரே அண்ணியின் முகம் திடீரென்று ஓரம் கரைந்து, மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் போயிற்று, அப்போதுதான் தன் கையில் கண்ணாடி இருப்பதைப் பார்த்தாள், இரண்டு காதும் மடித்தபடி, மொச்சைப் பால் பிசுபிசுக்க. அண்ணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஃபோனில் “அக்கா? அக்கா?” என்று கேட்டது. அண்ணி அதை அணைத்தாள். அணைத்துவிட்டு, மூன்று தடவை சொன்னதை நாலாவது தடவை சொல்லப் போகிறாள் என்று குமுதவல்லி காத்திருந்தாள். அண்ணி குனிந்து பேசினுக்குள் கையை விட்டுத் துழாவினாள். “நிறைய இருக்கு இன்னும்” என்றாள், மொச்சையைப் பற்றி.

குமுதவல்லி கை கழுவினாள். சோப்பு போட்டு, விரலிடுக்கெல்லாம். கண்ணாடியையும் குழாயில் காட்டி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அலமாரியிலிருந்து உத்தரவு நகலை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்தாள், குடையும் எடுத்தாள், வெயிலுக்கு. செருப்புப் போட்டபிறகு இன்னும் புடவை மாற்றவில்லை என்று தெரிந்தது, இருக்கட்டும், ஸ்டேஷனுக்கு என்ன பட்டா கட்டிக்கொண்டு போக வேண்டும், முன்னாலேயே ஒரு தடவை பட்டுக் கட்டிக்கொண்டு நின்றது போதாதா. தெரு வழியாகப் போனால் முனையில் கார். பின்பக்கச் சந்து வழியாகப் போனால் ஆட்டோ ஸ்டாண்ட். என் தெருவில் நான் ஏன் சந்து வழியாகப் போக வேண்டும் என்று ஒரு கோபம் வந்தது, கோபத்தோடேயே பின்பக்கக் கதவின் கொக்கியையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்ன கேட்பார்கள்? எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார், என்ன சொன்னார். நீ தனியாத்தானே இருப்பே என்று சொன்னார். அதில் என்னம்மா இருக்கிறது என்று ஒரு போலீஸ்காரி கேட்டால்? அந்தக் குரலை எப்படிச் செய்து காட்டுவது? செய்து காட்டினால் சிரிப்பார்களோ? என் வார்த்தை சட்டத்துக்குப் போதும், எனக்குப் போதவில்லையே. அந்த அடுப்படியில் என்னைத் தவிர இன்னொரு ஜோடிக் கண் இருந்தது என்று, சாட்சிக்குக்கூட இல்லை, எனக்கு, எனக்கே தெரிய வேண்டும். அண்ணி மேஜையில் தலை நிமிராமல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நிருவின் அறைக் கதவுக்கு வெளியே கீழே ஏடு கட்டின காபி. உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம், கட்டிலில் யாரோ திரும்புகிற சத்தம், பிறகு திரும்பாமல் அப்படியே நிற்கிற சத்தம். குமுதவல்லி கதவைத் தட்டக் கையை ஓங்கிவிட்டுத் தட்டாமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வைத்த உடனே நெருப்பில் பட்டதுபோல் எடுத்துவிட்டாள்.

“நிரு. அம்மா ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன்டா. கரூர்க்காரங்ககிட்ட நானே பேசிக்கறேன், அதை நினைச்சு நீ பயப்படாதே. அங்க நீ ஒண்ணும் பேச வேண்டாம். அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். நான் சொல்லும்போது பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்திரு, போதும். வர்றியா? நிரு... கதவைத் திறம்மா. என் கூட வா.”